13 நாள், 8 ஊர், 700 யூரோ: இந்தப் பிளான் ஓடுமா?

டிரெஸ்டன் மாணவன்:

வணக்கம். டிரெஸ்டன்ல மாஸ்டர்ஸ் முதல் வருஷம் முடிக்கப்போறேன். செப்டம்பர் நடுவுல கடைசிப் பரீட்சை. அது முடிஞ்சு அக்டோபர்ல வகுப்பு தொடங்குற வரைக்கும் ரெண்டு வாரம் கையில இருக்கு. பிளாக்டு அக்கவுண்ட்லேர்ந்து (வீசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு வெக்கிற கணக்கு) மாசம் வர்ற 992 யூரோவுல வாடகை, இன்சூரன்ஸ் போக மிச்சம் பிடிச்சதையும், பகுதிநேர வேலைல வந்ததையும் சேர்த்து 700 யூரோ ஒதுக்கி வெச்சிருக்கேன். கூட ரூம்மேட்டும் வர்றான். அவன்கிட்டயும் அவ்வளவுதான் இருக்கு.

பிளான் இது: டிரெஸ்டன் – பிராக் – வியன்னா – புடாபெஸ்ட் – வெனிஸ் – ரோம் – பாரிஸ் – பிரஸ்ஸல்ஸ் – ஆம்ஸ்டர்டாம் – டிரெஸ்டன். 13 நாள். முடிஞ்சா பாரிஸ்லேர்ந்து லண்டனுக்கு ஒரு நாள்.

இன்டர்ரெயில் பாஸ் (ஒரே பாஸ்ல பல ஐரோப்பிய நாட்டு ரயில்ல போறது) வாங்கணுமா, தனித்தனி டிக்கெட்டா? 700 போதுமா? எந்த ஊர்ல எத்தனை ராத்திரி? செமஸ்டர் டிக்கெட்டா டாய்ச்லாண்ட் டிக்கெட் (ஜெர்மனி முழுக்க வட்டார ரயில், பஸ்ல செல்லுற பாஸ்) இருக்கு, அது எங்கேயாவது உதவுமா? படிப்பு முடிஞ்சு வேலைக்குப் போயிட்டா இப்படி ரெண்டு வாரம் சேர்ந்தாப்ல கிடைக்காதுன்னு எல்லாரும் சொல்றாங்க. அதான் முடிஞ்ச அளவு எல்லாத்தையும் பார்த்துடணும்னு ஆசை. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

கெம்னிட்ஸ்காரர்:

தம்பி, முதலில் காகித விஷயம். ஜெர்மன் குடியிருப்பு அனுமதி அட்டை செல்லுபடியாக இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு (ஒரே வீசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) தனி வீசா வேண்டாம். எந்த 180 நாளிலும் 90 நாள் வரை போய்வரலாம். லண்டன் ஷெங்கனில் இல்லை, அதற்குப் பிரிட்டன் வீசா தனியாக எடுக்க வேண்டும். ஒரு நாளுக்காக அந்தச் செலவு வேண்டாம், அடித்துவிடு.

பாஸ்போர்ட், அனுமதி அட்டை இரண்டும் அசலாகக் கையில் இருக்க வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் தரை எல்லைகள் எல்லாவற்றிலும் சோதனை வைத்தது. திரும்பும்போது பேருந்திலோ ரயிலிலோ எழுப்பிக் கேட்பார்கள், போனில் இருக்கும் போட்டோவைக் காட்டினால் நடக்காது. அட்டை புதுப்பிப்பில் இருந்தால் டிக்கெட் போடுவதற்கு முன் வெளிநாட்டவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்.

உன் ஜெர்மன் சிம் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் எல்லாம் கூடுதல் ரோமிங் கட்டணம் இல்லாமல் ஓடும், 2017 ஜூனிலிருந்து அப்படித்தான். அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டையின் பின்பக்கம்தான் ஐரோப்பியக் காப்பீட்டு அட்டை. அதை எடுக்காமல் கிளம்பாதே.

வியன்னா அக்கா:

தம்பி, உன் பட்டியலைப் பார்த்ததும் உட்கார்ந்து நிதானமாக எழுத வேண்டும் என்று தோன்றியது. நானும் ஜெர்மனியில் மாணவியாக இருந்து இப்படிப் பை தூக்கிச் சுற்றியவள்தான், இப்போது வியன்னாவில் வேலை பார்க்கிறேன்.

13 நாளில் 8 ஊர் என்றால் ஊர் விட்டு ஊர் மாறுவதே உன் பயணமாகிவிடும். ஒவ்வொரு மாறுதலும் டிக்கெட் விலையோடு நிற்காது. காலை பத்து, பதினொரு மணிக்குள் ஹாஸ்டலை (பயணிகள் மலிவாகத் தங்கும் விடுதி) காலி செய்ய வேண்டும், அடுத்த ஹாஸ்டலில் பெரும்பாலும் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் படுக்கை தருவார்கள். நடுவில் லாக்கர் காசு, நிலையத்தில் விலை கூடின சாப்பாடு, புது ஊரில் மறுபடி ஒரு நாள் பாஸ். அரை நாள் அதிலேயே போகும், பல நேரம் முழு நாளும். மூன்று ராத்திரி ஒரே இடத்தில் தங்கினால் ஹாஸ்டல் சமையலறையில் ஒரு பாக்கெட் அரிசி வாங்கி மூன்று நாளும் சமைக்கலாம். ஒரே ராத்திரி என்றால் அதே அரிசியை யாருக்காவது விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். மாணவன் பயணத்தில் காசு மிச்சமாவது இங்கேதான்.

அதனால் வெனிஸ், ரோம், பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம் ஐந்தையும் இந்த முறை விடு. மேற்கு ஐரோப்பாவிலும் இத்தாலியிலும் படுக்கை விலை அதிகம், தூரமும் அதிகம். உன் ஊர் டிரெஸ்டன். கிழக்கே நூலில் மணி கோர்த்த மாதிரி ஒரு வட்டம் உனக்காகவே இருக்கிறது: பிராக், வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட், கிராக்கோவ், விரோட்ஸ்வாஃப், திரும்ப டிரெஸ்டன். எங்கேயும் வந்த வழியே திரும்ப வேண்டாம்.

பிராக்கில் மூன்று ராத்திரி. டிரெஸ்டனிலிருந்து நேர் ரயில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடும். போகும் திசையில் இடது பக்கம் உட்கார், எல்பே ஆறும் சாக்சன் சுவிட்சர்லாந்தின் மணற்கல் பாறைகளும் அந்தப் பக்கம்தான். பிராக்கில் மேலேறிப் பார்க்கக் காசு கொடுக்க வேண்டாம், விஷெஹ்ராட் கோட்டை மதில்மேல் போய் உட்கார்ந்தால் வில்டாவா ஆறு வளைந்து போவது முழுக்கத் தெரியும்.

வியன்னாவில் மூன்று ராத்திரி. பிராக்கிலிருந்து ரயிலில் நான்கு மணி நேரம். இந்த வட்டத்திலேயே படுக்கை விலை அதிகமான ஊர் எங்கள் ஊர்தான், அதற்காகத் தாண்டிப் போய்விடாதே. ஸ்டாட்ஸ்ஓப்பர் என்ற ஓப்பரா அரங்கில் நின்று பார்க்கும் டிக்கெட் அன்றன்றைக்கு விற்கும், உட்காரும் டிக்கெட்டின் விலையில் சின்னப் பங்குதான். உள்ளே போனதும் உன் இடத்துக் கம்பியில் ஒரு துண்டோ ஸ்கார்ஃபோ கட்டிவிட்டு வெளியே போய்வரலாம், யாரும் அந்த இடத்தை எடுக்க மாட்டார்கள். இசை கேட்டுப் பழக்கமில்லை என்று நினைக்காதே, ஒருமுறை நின்று பார். ஷோன்புருன் அரண்மனைக்குள்தான் கட்டணம், தோட்டம் இலவசம். மத்திய கல்லறைத் தோட்டத்துக்கும் கட்டணம் இல்லை, பேத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ் மூன்று பேரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். ஒன்று கவனம்: இங்கே ஞாயிறு அன்று சூப்பர்மார்க்கெட் மூடியிருக்கும். சனிக்கிழமையே வாங்கி வை, இல்லாவிட்டால் பெரிய ரயில் நிலையத்துக் கடைதான் கதி. போலந்திலும் பெரும்பாலான ஞாயிறுகளில் இதே நிலைமை. செக், ஹங்கேரியில் திறந்திருக்கும்.

பிராட்டிஸ்லாவாவில் ராத்திரி தங்க வேண்டாம். வியன்னாவிலிருந்து ஒரு மணி நேரம்தான். புடாபெஸ்ட் போகும் வழியில் காலையில் இறங்கி, பழைய ஊரையும் கோட்டையையும் பார்த்துவிட்டு மாலை ரயில் பிடி. பை வைக்க அன்றைக்கு எங்கே இடம் என்று மட்டும் முன்பே பார்த்துக்கொள்.

புடாபெஸ்டில் மூன்று ராத்திரி. 2ஆம் எண் டிராம் டான்யூப் கரையோரமே போகும், பார்லிமென்ட் கட்டடத்தைத் தொட்டுக்கொண்டு. படகுச் சவாரிக்குக் கொடுக்கும் காசை அது மிச்சப்படுத்தும். கெல்லெர்ட் குன்றில் ஏற எதுவும் கேட்க மாட்டார்கள். வெந்நீர்க் குளியலுக்கு ஒரு டிக்கெட் எடு, இந்த ஊரில் காசு செலவழிக்க வேண்டிய இடம் அதுதான். டிராமிலும் மெட்ரோவிலும் டிக்கெட்டை முத்திரை குத்த மறக்காதே. வாங்கி வைத்திருந்தும் குத்தாமல் விட்டால் அபராதம்தான், பிராக்கிலும் அப்படித்தான்.

அங்கிருந்து கிராக்கோவுக்கு இரவுப் பேருந்து, ஏழு மணி நேரத்தைச் சுற்றி. ஒரு ராத்திரிப் படுக்கைக் காசு மிச்சம். கிராக்கோவில் இரண்டு ராத்திரி. ஆஷ்விட்ஸ் (நாஜி வதைமுகாம் நினைவிடம்) போக நினைத்தால் இப்போதே இணையத்தில் நேரச்சீட்டு எடுத்துவிடு. நுழைவு இலவசம், ஆனால் கட்டணமில்லாத சீட்டுகள் சீக்கிரம் தீர்ந்துபோகும். பெயர் போட்ட சீட்டு, அடையாள அட்டையும் வேண்டும். அன்றைக்கு வேறு எதையும் திட்டத்தில் வைக்காதே.

திரும்பும் வழிதான் எனக்குப் பிடித்தது, உன் டாய்ச்லாண்ட் டிக்கெட்டும் இங்கேதான் வேலை செய்யும். கிராக்கோவிலிருந்து விரோட்ஸ்வாஃப், சில மணி நேரம் இறங்கிச் சுற்று. தெருவெல்லாம் குட்டிக் குள்ளர் சிலைகள் இருக்கும். 1980களில் கம்யூனிச ஆட்சியை எதிர்த்தவர்கள் சுவரில் குள்ளர்களை வரைந்தார்கள், அதன் நினைவாக வந்தவை இவை. பிறகு வட்டார ரயிலில் போலந்து எல்லை ஊரான ஸ்கோஷெலெட்ஸ். அங்கே இறங்கி நைஸ்ஸே ஆற்றின் மேல் இருக்கும் நடைபாலத்தில் ஜெர்மனிக்குள் நடந்தே வந்துவிடு. அக்கரை கெர்லிட்ஸ். 1945க்கு முன் இரண்டும் ஒரே ஊர். போரின் கடைசியில் உடைத்த பாலத்தை 2004இல்தான் திரும்பக் கட்டினார்கள். கெர்லிட்ஸிலிருந்து டிரெஸ்டனுக்கு வட்டார ரயில், ஒன்றரை மணி நேரத்தைச் சுற்றி, கையில் இருக்கும் டிக்கெட்டே போதும்.

காசுக்கு வருகிறேன். என் கணக்கு இது, ஊரூராகக் கொஞ்சம் ஏறி இறங்கும். 11 ராத்திரி டார்ம் (பலர் சேர்ந்து தங்கும் அறை) படுக்கை எல்லாம் சேர்த்து 260. ஊர் விட்டு ஊர் போக 120. ஊருக்குள் டிராம், மெட்ரோ 40. சமைத்துச் சாப்பிட்டு நடுவில் வெளியேயும் சாப்பிட்டால் நாளுக்கு 12 வீதம் 156. குளியல், ஓப்பரா, ஒன்றிரண்டு மியூசியத்துக்கு 60. மொத்தம் 636. மீதி 64ஐத் தொடாதே, அது ரயில் தவறினாலோ உடம்பு படுத்தினாலோ எடுக்க வேண்டிய பணம்.

இந்த வட்டத்துக்கு இன்டர்ரெயில் வேண்டாம். ஐரோப்பாவில் குடியிருப்பதால் அதை வாங்க உனக்குத் தகுதி உண்டு, 27 வயது வரை இளைஞர் விலையும் உண்டு. ஆனால் நான்கைந்து பயண நாள் பாஸே 200 யூரோவைத் தாண்டும். குடியிருக்கும் நாட்டுக்குள், அதாவது உனக்கு ஜெர்மனிக்குள், அந்தப் பாஸ் வெளியே போக ஒரு நாள், திரும்பி வர ஒரு நாள்தான் செல்லும். செக், ஸ்லோவாக், போலந்து டிக்கெட்டுகள் முன்பே எடுத்தால் மலிவு, பாஸ் போட்ட காசு திரும்பாது. பிராக் – வியன்னா மட்டும் தேதி உறுதியானதுமே எடுத்துவிடு, அதில்தான் விலை வேகமாக ஏறும்.

லைப்ஸிக் தோழி:

அக்கா சொன்ன வழி அருமை. இரவுப் பேருந்து மட்டும் எனக்கு ஒத்துவராது. விடியற்காலை ஐந்தரைக்குப் புது ஊரில் இறக்கிவிட்டால் தூக்கமும் இல்லை, படுக்கையும் இல்லை, அந்த நாள் முழுக்கத் தள்ளாடிக்கொண்டுதான் சுற்ற வேண்டியிருக்கும். மிச்சம் பிடித்த 18 யூரோ காபிக் கடைகளில் உட்கார்ந்தே போய்விடும். பகல் பேருந்தில் போனால் ஸ்லோவாக்கிய மலைகளாவது கண்ணில் படும். தனியாகப் போகும் பெண்கள் யாராவது இதைப் படித்தால், முதல்முறை போகும் ஊருக்கு வெளிச்சத்தில் போய்ச் சேருங்கள். பெண்கள் மட்டும் தங்கும் டார்ம் இருக்கிறதா என்று பாருங்கள், ரெண்டு மூணு யூரோ கூட இருந்தாலும் பரவாயில்லை. சொந்தப் பூட்டு கொண்டுபோங்கள், பல ஹாஸ்டல்களில் லாக்கர் இருக்கும், பூட்டு இருக்காது.

பணம் மாற்றுவது பற்றி யாரும் சொல்லவில்லையே. செக்கில் கொருனா, ஹங்கேரியில் ஃபோரிண்ட், போலந்தில் ஸ்லோட்டி. பெரும்பாலும் கார்டே போதும். மெஷின் "யூரோவில் கழிக்கவா, உள்ளூர்ப் பணத்திலா" என்று கேட்டால் எப்போதும் உள்ளூர்ப் பணம் என்றே அமுக்குங்கள், யூரோ என்றால் அவர்கள் வைத்த ரேட்டில் கழியும். ஏடிஎம் வேண்டுமென்றால் வங்கிக் கிளையோடு ஒட்டியிருப்பதில் எடுங்கள், சுற்றுலாத் தெருவில் தனியாக நிற்பவை வேண்டாம். பிராக்கில் "கமிஷன் இல்லை" என்று போர்டு போட்ட கடையில் மாற்றி ரேட் மோசமாக இருந்தால், 2019இலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது: 1000 யூரோ வரைக்கும் மூன்று மணி நேரத்துக்குள் அதே கடையில் ரத்து செய்யலாம். ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.

டிரெஸ்டன் மாணவன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. லண்டன், ரோம், வெனிஸ், ஆம்ஸ்டர்டாம் எல்லாத்தையும் அடிச்சாச்சு, மனசு வரல, ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்த்தா அக்கா சொல்றதுதான் சரி. நடந்தே எல்லை தாண்டுறதைக் கேட்டதும் ரூம்மேட் அதுக்காகவே வர்றேன்னுட்டான். எனக்கு பாரிஸ் மட்டும் விட முடியல அக்கா. சின்ன வயசுலேர்ந்து லூவ்ரு மியூசியம் பார்க்கணும்னு ஆசை. இந்த வட்டத்துல எப்படியாவது நுழைக்க வழி இருக்கா? வயசு 23.

வியன்னா அக்கா:

நுழைக்காதே தம்பி. அவ்வளவு ஆசை இருக்கும் ஊருக்கு ஒன்றரை நாள் கொடுத்தால் உனக்கே தாங்காது. பாரிஸுக்குத் தனியாக ஒரு பயணம் போடு, நாலைந்து ராத்திரி, பிப்ரவரி கடைசியில் பரீட்சை முடிந்ததும். அப்போது கூட்டமும் குறைவு, படுக்கையும் மலிவு. 18 முதல் 25 வயது வரை ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் குடியிருப்பவர்களுக்கு லூவ்ரு இலவசம், ஓர்சே மியூசியமும் அப்படித்தான். குடியுரிமை வேண்டாம், உன் ஜெர்மன் அனுமதி அட்டையைக் காட்டினால் போதும். லூவ்ருக்கு நேரச்சீட்டு மட்டும் முன்பே எடுத்துக்கொள். 26 ஆகும் வரை உனக்கு நேரம் இருக்கிறது, ஒருமுறைக்கு இரண்டு முறை போய்வா.

தோழி சொன்னது நியாயம்தான். இரவுப் பேருந்து உடம்புக்கு ஒத்துவராவிட்டால் பகலில் போ, புடாபெஸ்டில் ஒரு ராத்திரியைக் குறைத்து கிராக்கோவில் சேர்த்துக்கொள். படுக்கைக் கணக்கு ஏறத்தாழ அப்படியே வரும், இன்னொரு ராத்திரி தேவையென்றாலும் 20 யூரோவுக்குள் முடியும். ஆஷ்விட்ஸ் நேரச்சீட்டு எந்தத் தேதிக்குக் கிடைக்கிறது என்று முதலில் பார், மற்ற ஊர்த் தேதிகளை அதிலிருந்து பின்னோக்கிப் போட்டுக்கொண்டு வா.

டிரெஸ்டன் மாணவன்:

இப்பவே பார்க்கிறேன் அக்கா. தேதி கிடைச்சதும் பிராக் – வியன்னா டிக்கெட்டையும் போட்டுட்டு முழுப் பிளானையும் இங்கேயே எழுதுறேன், ஒருமுறை பார்த்துச் சொல்லுங்க.