தட்டை நீட்டினால் எப்படி மறுக்கிறீர்கள்? தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தீபாவளி, டிசம்பர் அனுபவங்கள்

சாட்ஸ்வொர்த் மகள்

போன தீபாவளியன்று நடந்தது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. பண்டிகைக்கு வீட்டுக்கு வீடு இனிப்புத் தட்டு கொடுத்து வாங்கும் நம் ஊர் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். அம்மாவுக்குச் சர்க்கரை. வந்த இனிப்பையெல்லாம் அலமாரியின் மேல்தட்டில் ஏற்றி வைத்திருந்தேன். மாமி வந்தார், கையில் அவர் செய்த பர்ஃபி. க்ளிம் பால்மாவும் கிரீமும் போட்டு, மேலே பாதாம் சீவித் தூவியது. அம்மா, "வேணாம் அண்ணி, டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு" என்றார். "நல்ல நாள் அதுவுமா என் கையால குடுக்கிறதை வேணாங்கிறியா?" என்று கேட்டுவிட்டு, மாமி ஒரு துண்டை எடுத்து அம்மாவின் வாய்க்கு நேரே நீட்டினார். கூடம் நிறைய ஆட்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா வாயைத் திறந்தார்.

அந்த நொடிதான். அம்மா கண்ணைத் தாழ்த்திக்கொண்டு மென்றது அப்படியே நிற்கிறது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒன்று எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஒருவரிடம் வாங்கி இன்னொருவரிடம் மறுக்க முடியுமா? ராத்திரி சோதித்தபோது மெஷின் 16க்கு மேல் (mmol/L கணக்கு, mg/dL-இல் சுமார் 290) காட்டியது. மனம் நோகாமல் மறுக்க வழி கண்டவர்கள் சொல்லுங்கள்.

பீனிக்ஸ் தம்பி

அக்கா, மாமியை மட்டும் குறை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் பாசத்தில்தான் நீட்டினார். கூடத்தில் இருந்த அத்தனை பேரில் ஒருவராவது "விடுங்க, அவங்களுக்கு ஆகாது" என்று சொல்லியிருக்கலாம் இல்லையா?

என் கதை டிசம்பர் 26. ப்ளூ லகூன் கடற்கரையில் குடும்பம் முழுக்கக் கூடியிருந்தோம், விடியற்காலையிலேயே மசூர் பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டுத் தம் வைத்த பிரியாணிப் பானையோடு. தங்கச்சி கேப் டவுனில் படிக்கிறாள், ரொம்ப நாள் கழித்து வந்திருந்தாள். சித்தப்பா கரண்டியோடு நின்று, எல்லோர் காதிலும் விழும்படி, "என்னம்மா, இப்படிப் பெருத்துட்டே!" என்றார். சொல்லிக்கொண்டே அவள் தட்டில் இரண்டு கரண்டி கூடுதலாக வைத்தார். அவள் தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்க் காருக்குள் உட்கார்ந்துகொண்டாள். வீடு திரும்பும்வரை எதுவும் சாப்பிடவில்லை. ராத்திரி சமையலறையில் தனியாக நின்று கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். உடம்பைப் பற்றி ஒரு சொல் சொல்வதும் அதே மூச்சில் சோற்றை அள்ளி வைப்பதும் நம் வீடுகளில் எப்போது நிற்கும்?

உம்பிலோ சிஸ்டர்

நான் கிளினிக்கில் நர்ஸாக வேலை செய்கிறேன். ஒரு கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் வரிசையில் நின்ற ஒரு அம்மா அப்படியே சரிந்தார். சட்டை முழுக்க வேர்வை, கை நடுக்கம், பேச்சுக் குழறல். சர்க்கரை தாழ்ந்துவிட்டது. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துத் தெளிந்ததும் அவர் சொன்னது: "நாளைக்கு விருந்து சிஸ்டர், அதான் நேத்திலிருந்து சாப்பிடாம இடம் வச்சேன்." மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டிருக்கிறார். சர்க்கரையை இறக்கும் க்ளிக்லசைடு மாதிரியான மாத்திரை போடுகிறவர்கள், இன்சுலின் எடுப்பவர்கள் தயவுசெய்து இப்படிப் பட்டினி கிடக்காதீர்கள். இளைப்பதற்காக உயிரோடு விளையாட வேண்டாம். காவடிக்கு விரதம் இருப்பதானாலும் முன்கூட்டியே டாக்டரிடமோ எங்களிடமோ வந்து மாத்திரை அளவைப் பேசிவிட்டுத் தொடங்குங்கள்.

இன்னொன்று. விருந்துக்கு மறுநாள் எடை பார்த்து, இரண்டு கிலோ ஏறிவிட்டது என்று அழுதுகொண்டு வருகிறார்கள். ஒரு கிலோ கொழுப்பு சேர, உடம்புக்குத் தேவையானதற்கு மேல் ஏறக்குறைய 7,700 கலோரி சாப்பிட்டாக வேண்டும். ஒரு நாளில் அது நடக்காது. சோறும் இனிப்பும் உடம்பில் கிளைக்கோஜனாக, அதாவது சேமிப்புச் சர்க்கரையாக, சேரும்போது அதன் ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் 3 கிராம் தண்ணீரும் சேர்ந்து தங்கும், உப்பும் ஊறுகாயும் இன்னும் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். சில நாளில் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் அது இறங்கிவிடும்.

பயப்பட வேண்டியது தெரியாமல் ஏறுகிற எடைக்கு. அமெரிக்காவில் 2000இல் வெளியான ஓர் ஆய்வில், நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை ஆட்களுக்கு ஏறியது சராசரி 0.37 கிலோதான். ஆனால் பிறகு வந்த மாதங்களில் அது இறங்கவே இல்லை. நமக்கோ விடுமுறை அக்டோபர், நவம்பரில் தீபாவளியோடு தொடங்கிவிடுகிறது. இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் 272 பேரை வைத்துப் பார்த்தார்கள், 2018இல் வெளிவந்தது. கிறிஸ்துமஸ் காலத்தில் வாரம் இரண்டு தடவையாவது எடை பார்த்து எழுதி, சில எளிய யோசனைகளையும் பின்பற்றியவர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஏறத்தாழ அரைக் கிலோ வித்தியாசம். வீட்டில் தராசு இல்லையென்றால் டேப் போதும். இந்திய வம்சாவளியான நம் உடல்வாகுக்கு இடுப்புச் சுற்று ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 தாண்டக் கூடாது. இந்த நாட்டில் சர்க்கரை நோய் மிக அதிகமாக இருப்பது நம் ஆட்களிடம்தான், இதை நான் தினமும் பார்க்கிறேன்.

குடிப்பதையும் பாருங்கள். சாதாரண கோலாவில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை. அதற்காகத்தான் 2018 ஏப்ரலில் இங்கே சர்க்கரை வரியே வந்தது. பிரியாணி மேசையில் இரண்டு லிட்டர் கூல்டிரிங்க் பாட்டில்களை வைக்காமல் ஐஸ் தண்ணீரும் மோரும் வைத்துப் பாருங்கள். யாரிடமும் எதையும் மறுக்க வேண்டிய அவசியமே வராது.

இசிப்பிங்கோ தாத்தா

சிஸ்டர் சொன்னதில் பாதி சரி. தீபாவளியில்தான் எல்லாம் தொடங்குகிறது என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். புரட்டாசியிலேயே தொடங்கிவிடுகிறது. கோயில் சமையலில் கை கொடுக்கிறவன் நான், கண்ணால் பார்க்கிறேன். ஒரு பையன் வந்து, "தாத்தா, மாசம் பூரா கறி தொடல, ஆனா பேன்ட் இறுக்குது" என்றான். அவன் கையில் எண்ணெய் ஊறிய காகிதத்தில் வடை, பூரி, அப்புறம் சில்லி பைட்ஸ் என்கிற காரப் பஜ்ஜி. நான் என்ன சொல்ல? ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி இருக்கிறது. கறி இல்லையென்றதும் அந்த இடத்தை எண்ணெயும் உருளைக்கிழங்கும் பிடித்துக்கொள்கின்றன. புரட்டாசி முடிந்த மறுநாள் காலையில் கறிக்கடையில் நிற்கும் வரிசையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெருமாளுக்காக இருந்த விரதத்துக்கு உடனே வட்டி கட்டுகிற மாதிரி சாப்பிடுகிறோம்.

எங்கள் ஆயா காலத்தில் புரட்டாசி என்றால் அவரைக்காய், பயறு, ரசம், கீரை. பொரித்தது பூசைக்கு மட்டும். அதற்குத் திரும்புங்கள் என்றுதான் பிள்ளைகளிடம் சொல்கிறேன். பீனிக்ஸ் தம்பி, உன் தங்கச்சியிடம் உன் சித்தப்பா மன்னிப்புக் கேட்க வேண்டும். பெரியவர் என்பதற்காக விட்டுவிடாதே.

மெரீபேங்க் வீட்டுக்காரி

விரத விவாதத்தைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள் தாத்தா, அந்தப் பெண் கேட்டது தட்டைப் பற்றி.

வந்த தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். அதனால் பத்துத் தட்டு வந்தால் பத்துத் தட்டுக்கும் பதில் செய்ய வேண்டும், செய்யும்போது ருசி பார்க்க வேண்டும், மிஞ்சுவதும் நம் வீட்டில்தான். பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்காவுக்கும் எனக்கும் இது ரொம்ப வருடப் பழக்கம். பெருநாளுக்கு அவர் பிஸ்கெட், தீபாவளிக்கு நான். ஒரு டிசம்பரில் அவர் என் தட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார், மேலே துணி மூடியிருந்தது. எடுத்தால் உள்ளே லிச்சி, தண்டும் இலையுமாக. "என் வீட்டுக்காரருக்கும் சர்க்கரை வந்துடுச்சு. இனிமே நமக்குள்ள பழம் போதுமா?" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் கேட்க நினைத்துக் கேட்காமலே இருந்தது அது.

லிச்சியிலும் சர்க்கரை உண்டு, அதையும் எண்ணித்தான் சாப்பிட வேண்டும், சிஸ்டர் கோபித்துக்கொள்வார். ஆனால் மூடியைத் திறந்து வைத்தால் நாலு நாள் கொறிக்கிற பொருள் இல்லையே. இப்போது எங்கள் தெருவில் சில வீடுகள் இப்படி மாறிவிட்டன. பண்டிகை வந்த பிறகு வாசலில் நின்று மறுப்பது கஷ்டம். ஒரு மாதம் முன்னாலேயே பேசிவிடுங்கள்.

சாட்ஸ்வொர்த் மகள்

எல்லோருக்கும் நன்றி. தம்பி, கூடத்தில் இருந்தவர்கள் பேசியிருக்கலாம் என்பது நியாயம்தான். ஆனால் பெரியவர் நீட்டிய கையை யார் தடுப்பார்கள் என்றும் யோசித்துப் பாருங்கள். உங்கள் தங்கச்சி இப்போது எப்படி இருக்கிறாள்? இந்த டிசம்பரில் வருகிறாளா?

மெரீபேங்க் அக்கா சொன்னது மனதில் பதிந்தது. புரட்டாசிப் பூசைக்கு மாமி வீட்டுக்குப் போவோம், அப்போதே பேசிவிடுகிறேன். அம்மா எதிரில் வேண்டாம், மாமியிடம் தனியாக. சிஸ்டர், அம்மா போடுவது மெட்ஃபார்மின் மட்டும்தான். புரட்டாசி சனிக்கிழமைகளில் ஒரு வேளை சாப்பாட்டோடு இருப்பார், அதற்கும் முன்னாலேயே கிளினிக்கில் கேட்க வேண்டுமா?