5 வருட வண்டிக்கு ஃபுல் இன்சூரன்ஸ் போடலாமா?

வணக்கம். சத்துவாச்சாரியிலிருந்து ராணிப்பேட்டை சிப்காட்டுக்குத் தினமும் பைக்கில்தான் போய் வருகிறேன், பாதி நாள் நைட் ஷிஃப்ட். 2021ல் வாங்கிய வண்டி. 5 வருடத் தேர்டு பார்ட்டி (என் வண்டியால் மற்றவர்களுக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்பு) அடுத்த மாதம் முடிகிறது. ஓன் டேமேஜை (என் வண்டிக்கே ஆகும் சேதத்துக்கான காப்பு) இரண்டு வருடமாகப் புதுப்பிக்கவே இல்லை, சோம்பல்தான்.

போன மழையில் கிரீன் சர்க்கிள் பக்கம் சறுக்கி விழுந்தேன். ஹெட்லைட் டூம் இரண்டாகப் பிளந்து, ஹேண்டில் கோணிக்கொண்டது. செலவு முழுக்க என் கையிலிருந்து.

ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் தரும் கூடுதல் காப்பு) போடாவிட்டால் பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதிதான் கிடைக்கும் என்கிறார் ஏஜென்ட். சரி, 5 வருடம் தாண்டிய வண்டிக்கு அதைத் தருகிறார்களா? ஐடிவி, அதாவது பாலிசியில் காட்டும் வண்டியின் மதிப்பு, எவ்வளவு வைக்கலாம்? அப்புறம், 15 லட்சம் விபத்துக் காப்பு ஓட்டுகிற உரிமையாளருக்குத்தான். பின்னால் உட்காரும் மனைவிக்கும் சேர்த்து எடுத்தவர்கள் இருந்தால் கொஞ்சம் சொல்லுங்களேன்.