காலையில் போட்ட பொத்தான் மாலையில் வரவில்லை: கையா, தூக்கமா?

கோத்தகிரியிலிருந்து ஓர் அம்மா

என் மகனுக்கு நான்கரை வயதாக இருந்தபோது பள்ளியில் கூப்பிட்டுச் சொன்னார்கள்: "பென்சில் கையில் நிற்கவில்லை. ஸ்வெட்டர் பொத்தான்கூடப் போடத் தெரியவில்லை. கைக்குப் பயிற்சி கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள்." அன்று இரவு முழுக்க அவன் விரல்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்படி உட்கார்ந்ததால்தான் வேறொன்று கண்ணில் பட்டது. வெளியே உறைபனி விழுகிற மார்கழி இரவு, இவன் தலையணையோ வியர்வையில் நனைந்திருந்தது. வாய் திறந்தபடி குறட்டை. நடுநடுவே மூச்சு ஒரு நொடி நின்று, பிறகு திணறி இழுத்தது.

பச்சைத் தேயிலை எடை எழுதும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் இரண்டு வாரம் குறித்து வைத்தேன். எத்தனை மணிக்குப் படுத்தான், எத்தனை முறை புரண்டு எழுந்தான், மறுநாள் கை எப்படி இருந்தது என்று மட்டும். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி வரை தூங்கி எழுந்த நாளில் நான்கு பொத்தானையும் தானே போட்டுக்கொண்டான். புதன்கிழமை மாலையில் அதே ஸ்வெட்டர், அதே கை. ஒரு பொத்தான்கூட வரவில்லை, சிணுங்கி அழுதான். தெரியாத பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் எப்படித் தெரியும்? இந்தக் கேள்வியோடுதான் மருத்துவரிடம் போனேன். தூங்கும்போது கைப்பேசியில் எடுத்த இரண்டு நிமிட வீடியோவையும் காட்டினேன். மூக்கின் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கி மூச்சை அடைத்திருந்தது. மூக்கில் அடிக்கும் மருந்தில் முழுதாகச் சரியாகவில்லை, அறுவை சிகிச்சை செய்தோம். குறட்டை போனது. பொத்தான் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

மூன்று முதல் ஐந்து வயது வரை ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும், பகல் தூக்கத்தையும் சேர்த்து. இவன் படுக்கையில் கிடந்தது ஒன்பது மணி நேரம். அதிலும் உண்மையான தூக்கம் எவ்வளவு இருந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் மனம் வலிக்கிறது.

குன்னூர் தோட்டத்திலிருந்து ஒருவர்

அக்கா, எங்கள் கதை உங்களுடையதற்கு நேர் எதிர். அதனால்தான் கட்டாயம் எழுத வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் மகள் பதினோரு மாதத்திலேயே எதையும் இடது கையால்தான் எடுப்பாள். "அப்பா வழியில் இடது கைப் பழக்கம்" என்று தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளில் எல்லோரும் சொன்னார்கள், நாங்களும் சிரித்துக்கொண்டோம். இரவில் நாலைந்து முறை அழுது எழுவாள். சரியாகத் தூங்காததால் சோர்ந்திருக்கிறாள், தூக்கம் சரியானால் எல்லாம் சரியாகும் என்று ஐந்து மாதம் ஓட்டினோம்.

தடுப்பூசி போட வந்த செவிலியர், குழந்தையின் வலப்பக்கத்தில் ஒரு பிஸ்கட்டை வைத்தார். பாப்பா உடம்பையே திருப்பி, இடது கையை நெஞ்சுக்குக் குறுக்கே நீட்டி அதை எடுத்தாள். வலது கை முஷ்டி மூடியபடியே இருந்தது. "நன்றாகத் தூங்கி எழுந்த காலையிலாவது இந்தக் கையைத் திறக்கிறாளா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தோம். ஒரு காலையில்கூட இல்லை.

பிள்ளைகளுக்கு எந்தக் கை என்று ஒன்றரை வயதுக்கு முன்னால் தெளிவாகத் தெரியக் கூடாதாம். முதல் வயதிலேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்தினால், அந்தக் கை கெட்டி என்று மகிழக் கூடாது, மற்றக் கைக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும். பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைப் பார்க்கும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்பினார்கள். உடலின் ஒரு பக்கத்தைப் பாதிக்கும் மூளை முடக்குவாதம் என்று தெரிந்தது.

இப்போது பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்தபடி, தினமும் குறிப்பிட்ட நேரம் நல்ல கையில் கம்பளி உறை மாட்டிவிட்டு, வலது கைக்கு விளையாட்டுக் கொடுக்கிறோம். ஊட்டிச் சந்தையில் வாங்கிய சிவப்பு உறை. முதல் வாரம் அழுதாள், இப்போது உறையைப் பார்த்ததும் வலது கையை நீட்டுகிறாள். நாங்கள் தவறவிட்ட அந்த ஐந்து மாதம் யாருக்கும் போக வேண்டாம்.

பூம்பாறையிலிருந்து ஒரு பாட்டி (பேத்தி தட்டச்சு செய்கிறாள்)

எங்கள் மலைப் பக்கம் பிள்ளைக்கும் டீ கொடுப்போம். குளிருக்கு இதமாக இருக்கும் என்று காலையில், பள்ளி விட்டு வந்ததும், பிறகு இரவுச் சாப்பாட்டோடும் கொடுத்தோம். பேரனுக்கு மூன்று வயது. இரவெல்லாம் காலை உதைத்துக்கொண்டே கிடப்பான், கம்பளி ஒரு மூலையில் இருக்கும். பகலில் பூண்டுப் பல் ஒன்றை எடுத்தால் கை தளர்ந்து கீழே போடுவான். அவன் அம்மா அந்த வயதில் என்னோடு உட்கார்ந்து பூண்டு உரித்தவள். அதனால் எனக்கு வித்தியாசம் தெரிந்தது.

இரத்தம் பார்த்தார்கள், ஹீமோகுளோபின் 8.6. அந்த வயதில் 11-க்குக் குறையக் கூடாதாம். மலை உயரத்தில் வாழ்பவர்களுக்கு இன்னும் சற்றுக் கூடுதலாகவே இருக்க வேண்டுமாம். சாப்பாட்டோடு குடிக்கும் டீ, உணவில் இருக்கும் இரும்புச் சத்தை உடம்பில் சேர விடாது. மாலை டீ தூக்கத்தையும் கெடுக்கும். இரும்புச் சத்து குறைந்தால் இரவில் கால் நிலை கொள்ளாது, பகலில் மனம் ஒன்றாது. ஒரே டம்ளர் இத்தனை செய்யும் என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று.

டீயை நிறுத்தினேன். மருத்துவர் எழுதிய இரும்புச் சத்து மருந்தைக் கொடுத்தோம், சாப்பாட்டோடு நெல்லிக்காய். மூன்று மாதத்தில் கால் உதைப்பது நின்றது. இப்போது பூண்டு உரிக்கிறான், தோல் எல்லாம் வீடு முழுக்கப் பறக்கிறது. பறக்கட்டும்.

பந்தலூர்ப் பக்கத்து அங்கன்வாடிப் பணியாளர்

மூன்று பேர் எழுதியதையும் படித்தேன். பத்தொன்பது வருடமாகப் பிள்ளைகளின் கைகளைப் பார்க்கிறேன். நான் செய்வது ஒரு சிறிய வேலைதான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் பாயில் தூங்குவார்கள். சந்தேகம் வரும் பிள்ளைக்குத் தூங்கும் முன் பெரிய மணிகளையும் கயிற்றையும் கொடுப்பேன். எழுந்து முகம் கழுவி, முட்டை சாப்பிட்ட பிறகு அதையே மறுபடி கொடுப்பேன். தூங்கும் முன் வராதது தூங்கி எழுந்ததும் வந்தால், வீட்டில் இரவு எப்படிப் போகிறது என்று அம்மாவிடம் கேட்பேன். இரண்டு நேரமும், ஒரு வாரம் முழுக்கவும், ஒரே மாதிரி வராமல் இருந்தால் அது களைப்பு இல்லை. அந்தத் திறன் இன்னும் வரவே இல்லை என்று பொருள். நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வரும். ஆனால் அதற்காகக் காத்திருக்காமல் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கே அனுப்பிவிடுவேன்.

இது நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை அல்ல. எந்தப் பக்கம் முதலில் போய்க் கேட்பது என்று காட்டும் வழி, அவ்வளவுதான். தூக்கக் குறையும் கைத்திறன் குறையும் சேர்ந்தே இருக்கும் பிள்ளைகளும் உண்டு. மூளை முடக்குவாதமோ ஆட்டிசமோ இருக்கும் பிள்ளைகள் பலருக்குத் தூக்கமும் கெடும். குன்னூர்ப் பாப்பாவைப் போல. அங்கே தூக்கத்தைக் காரணம் சொல்லிக் கையை விட்டுவிடக் கூடாது. கண் சரியாகத் தெரியாத பிள்ளையும் மணி கோக்காது, அதையும் பார்க்க வேண்டும்.

பழக்கமே இல்லாத கையும் உண்டு. தரை சில்லென்று இருக்கிறது என்று பிள்ளையை மடியை விட்டு இறக்குவதில்லை, சோற்றை ஊட்டியே விடுகிறோம், அழுதால் கைப்பேசி. இரண்டு வயதுப் பிள்ளை கரண்டியால் தானே சாப்பிட முயல வேண்டும், சிந்தினாலும் சரி. மூன்று வயதில் பெரிய மணி கோக்கும், நாம் வரைந்து காட்டினால் வட்டம் போடும். பட்டாணி உரிக்கும்போது பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒரு மாதத்தில் முன்னேற்றம் தெரியும். தெரியாவிட்டால் காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். நேற்றுவரை செய்துகொண்டிருந்த வேலையைப் பிள்ளை திடீரென்று மறந்தால், நோட்டில் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

ஊட்டியிலிருந்து ஓர் அப்பா

அக்கா, என் மகளுக்கு இரண்டு வயது எட்டு மாதம். படுத்து ஒன்றரை மணி நேரத்தில் அலறி எழுந்து உட்காருவாள், கண் திறந்திருக்கும், எங்களை அடையாளம் தெரியாது. காலையில் எதுவும் நினைவில்லை. புத்தகப் பக்கத்தையும் ஒவ்வொன்றாகப் புரட்ட வருவதில்லை. இரண்டும் ஒன்றோடு ஒன்று தொடர்பு உள்ளதா?

பந்தலூர்ப் பக்கத்து அங்கன்வாடிப் பணியாளர்

தம்பி, முன்னிரவில் வரும் அந்த அலறல் இந்த வயதில் பல பிள்ளைகளுக்கு வருவதுதான். உலுக்கி எழுப்பாதீர்கள், விழுந்துவிடாமல் பக்கத்தில் இருங்கள். தூக்கம் குறைந்த நாட்களில் கூடுதலாக வரும். கை கால் வெட்டி இழுத்தாலோ, ஒரே இரவில் பல முறை வந்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். பக்கம் புரட்டுவதைத் தனியாகப் பாருங்கள். அட்டைப் புத்தகம் ஒன்றைக் காலையில் கொடுங்கள், மாலையிலும் கொடுங்கள். ஒரு வாரம் கழித்து எழுதுங்கள், நான் பார்க்கிறேன்.

ஊட்டியிலிருந்து ஓர் அப்பா

எட்டு நாள் ஆயிற்று, அக்கா. காலையில் இரண்டு இரண்டு பக்கமாகப் புரட்டுகிறாள், மாலையிலும் அப்படியே. மாறவில்லை. நாளை விடுப்பு எடுத்திருக்கிறேன், அவளை அழைத்துக்கொண்டு போகிறேன். நோட்டையும் எடுத்துப் போகிறேன்.