டிலைட் தியேட்டர்ல படம் பார்த்தவங்க யாராச்சும் இருக்கீங்களாங்க?

நேத்து டவுன்ஹால் பக்கம் ஒரு வேலையா போனவன் அப்படியே வி.எச். ரோட்டுல, அதாங்க வெரைட்டி ஹால் ரோட்டுல, நடந்து வந்தேன், டிலைட் இருந்த எடம் வந்ததும் கால் தானா நின்னுபோச்சு. இடிச்சுட்டாங்கன்னு தெரியும் தான், இருந்தாலும்.

எங்க அப்புச்சிக்கு (அம்மாவோட அப்பா) கோயமுத்தூர்ல தியேட்டர்னா அது ஒண்ணு தான், மத்ததெல்லாம் அவருக்கு "புதுக் கொட்டாய்". நான் அஞ்சாவது படிக்கறப்ப லீவுல கூட்டிட்டுப் போனார், பழைய எம்ஜிஆர் படம். உள்ளே மொத்தமே முப்பது பேர் இருப்பாங்க, எல்லாம் அப்புச்சி வயசுக்காரங்க, பாதிப் பேர் துண்ட விரிச்சு தூக்கம். ஆனா வாத்தியார் என்ட்ரி வந்ததும் பாருங்க, அத்தன பேரும் எந்திரிச்சு விசில், எங்க அப்புச்சி உட்பட! வீட்டுல டிவி சத்தம் கொஞ்சம் கூடுனாலே திட்டற மனுசன்.

அன்னிக்கு இன்டர்வெல்ல முறுக்கு தின்னுட்டே தான் சாமிக்கண்ணு வின்சென்ட் கதைய சொன்னார். திருச்சில ரயில்வேல வேலை பார்த்தவரு, 1905-ல டூபான்ட்னு ஒரு பிரெஞ்சுக்காரர்கிட்ட இருந்து படம் காட்டற மிஷினையும் ரீலையும் வாங்கி, வேலைய விட்டுட்டு ஊர் ஊரா டெண்ட் அடிச்சு ஊமைப்படம் காட்டிட்டுத் திரிஞ்சாரு, அப்புறம் 1914-ல சொந்த ஊரான கோயமுத்தூருக்கே வந்து வெரைட்டி ஹால்னு நிரந்தரமா கொட்டாய் கட்டுனாரு. அது தான் பின்னாடி டிலைட் ஆச்சு. அப்ப கோயமுத்தூர் சின்ன டவுனுங்க, நீலகிரி பைக்காரால தண்ணில எடுக்கற கரண்ட் வந்து மில்லா முளைச்சதெல்லாம் 1930-களுக்கு அப்புறம். ரோட்டுக்குப் பேரே தியேட்டரால வந்தது தான், ஆனா இப்ப ஆட்டோக்காரர்கிட்ட "வெரைட்டி ஹால்"னு மட்டும் சொல்லிப் பாருங்க, கல்யாண மண்டபமாங்கன்னு கேக்கறாரு.

உங்க அனுபவத்தையும் போடுங்க, படிக்க ஆசையா இருக்கு.

சூலூர்க்காரன்:
டிலைட் வந்ததில்லைங்க, எங்களுக்கு டெண்ட் கொட்டாய் தான். தரை டிக்கெட், மணலக் குமிச்சு அது மேல உக்காந்துக்குவோம், முன்னாடி இருக்கறவன் பெருசா குமிச்சுட்டான்னா சண்டை தான். ஒரே மிஷின்ங்கறதால ரீல் மாத்த மாத்த இடைவேளை, ஒரு படத்துக்கு மூணு நாலு தடவை லைட்டு போடுவாங்க, சோடா கலர்காரருக்குத் தான் கொண்டாட்டம். சாயங்காலம் ஸ்பீக்கர்ல விநாயகர் பாட்டு போட்டாத் தான் எங்கம்மா அடுப்புல அவசரமா உலை வெப்பாங்க, ஏன்னா அந்தப் பாட்டு முடிஞ்சு கொஞ்ச நேரத்துல டிக்கெட் குடுத்துருவான். ஒரு தடவ படப்பெட்டியே வந்து சேரல, இன்னொரு ஊர் கொட்டாய்ல ஓடுன ரீல சைக்கிள்ல எடுத்துட்டு வரணும், வழில பஞ்சராம். ஒன்றர மணி நேரம் கை தட்டிட்டே உக்காந்திருந்தோம், ஒருத்தர் கூட எந்திரிச்சுப் போகல.

ஆபரேட்டர் மகன்:
ரெண்டு பேரும் கீழ உக்காந்து பார்த்தவங்க, நான் மேல கேபின்ல வளர்ந்தவன். எங்கப்பா வேற ஊர்ல தியேட்டர்ல படம் ஓட்டற ஆபரேட்டர், தியேட்டர் பேர் வேண்டாம், கடைசி மூணு மாச சம்பளம் இன்னும் பாக்கி.

கார்பன் பார்த்திருக்கீங்களா? செம்பு பூசுன ரெண்டு குச்சி, நுனிய ஒட்ட வெச்சு லேசா பிரிச்சா பளீர்னு வெள்ளை நெருப்பு, அந்த வெளிச்சம் தான் திரைல படமா விழுது. குச்சி எரிய எரிய இடைவெளி கூடும், தள்ளி விட்டுக்கிட்டே இருக்கணும், கொஞ்சம் அசந்தா ஹீரோயின் மூஞ்சி மங்கிப் போகும், உடனே கீழ இருந்து எங்கப்பாவ, அதோட எங்க பாட்டியையும் சேர்த்துத் திட்டுவாங்க. எரிஞ்சு மிஞ்சுன துண்டு எனக்கு, ஸ்கூல் சுவத்துல எழுதறதுக்கு.

ஒரு ரீல் ஆயிரம் அடி, பத்து பதினோரு நிமிஷம். முடியப் போறப்ப திரைல வலது பக்கம் மேல் மூலைல ஒரு புள்ளி மின்னும், அதுக்கு அடுத்த ரீல் மாட்டி வெச்ச ரெண்டாவது மிஷின் மோட்டார ஓட விடணும், ரெண்டாவது புள்ளிக்குப் படத்த அந்த மிஷினுக்கு மாத்தணும், நடுவுல ஏழெட்டு செகண்டு தான். நீங்க யாரும் அந்தப் புள்ளியப் பார்த்திருக்க மாட்டீங்க, பாட்டுல டான்ஸ்ல இருப்பீங்க. அப்பா பார்த்ததே அது ஒண்ணத்தான், அந்தப் படத்தோட கதை என்னான்னு கேட்டா முழிப்பார்!

போன பொங்கலுக்கு மால்ல படத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். பாதிப் படம் மூலையவே பார்த்துட்டு இருந்தார். டிஜிட்டல்ல ஏதுப்பா புள்ளின்னேன். தெரியும்டான்னுட்டு மறுபடி அங்கயே பார்க்கறார்.