எட்டு வாரத்தில் கண்காட்சி: அரூப ஓவியத்துக்கு எண்ணெயா, அக்ரிலிக்கா?

கரித்துண்டு:
உள்ளூர்க் குழுக் கண்காட்சி ஒன்றுக்கு எட்டு வாரம் இருக்கிறது. கிடைத்த சுவர் 9 மீட்டர். படங்கள் 90 × 120 செ.மீ., அடுக்கடுக்காகப் பூசி, நடுநடுவே சுரண்டி எடுக்கும் முறை. எந்த வண்ணத்தில் செய்வது, எண்ணெய் வண்ணமா, நீர் கலந்து பூசும் அக்ரிலிக் வண்ணமா? எத்தனை படம் வைக்கலாம்?

நீர்ப்பூச்சு:
அக்ரிலிக். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒரு படத்துக்குப் பத்து அடுக்கு என்றால் எண்ணெயில் அடுக்குக்கு ஒரு வாரம் விட்டாலும் தேதி தாண்டிவிடும். அக்ரிலிக்கில் மெல்லிய பூச்சு அரை மணியில் தொடும் அளவுக்குக் காயும். ஒரே நாளில் மூன்று நான்கு அடுக்கு போடலாம்.

ஆளிவிதை:
சுரண்டும் முறை என்று சொல்லியிருக்கிறாரே, கவனிக்கவில்லையா? அக்ரிலிக் காய்ந்தால் பிளாஸ்டிக் தோல். சுரண்டினால் கீழடுக்கு நிறம் அழகாக வெளிவராது, பட்டையாக உரியும், இல்லையென்றால் அசையாது. எண்ணெய் மறுநாளும் கத்திக்கு வழிவிடும். தேதிதான் பயமென்றால் எண்ணெய் வண்ணத்தைச் சீக்கிரம் காயவைக்கும் அல்கிட் மீடியம் என்ற கலவையைச் சேர்க்கலாம். மெல்லிய பூச்சு ஒரு நாளில் தொடக்கூடிய அளவுக்கு வரும்.

நீர்ப்பூச்சு:
மெல்லிய பூச்சு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பேலட் கத்தியால் 5 மி.மீ. தடிமனில் வைத்தால் அல்கிட்டும் காப்பாற்றாது. மேல்தோல் காயும், உள்ளே பல மாதம் பச்சையாகவே கிடக்கும். அந்தப் படத்தை பப்பிள் ராப்பில் சுற்றி வண்டியில் ஏற்றினால் குமிழ் வட்டங்கள் அப்படியே பதிந்துவிடும். அரங்கில் பிரித்துப் பார்த்த பிறகு சரிசெய்ய நேரம் ஏது?

ஆளிவிதை:
பப்பிள் ராப் உங்கள் அக்ரிலிக்கையும் விடாது சார். வெயில் வண்டியில் அக்ரிலிக் மென்மையாகும். இரண்டு கேன்வாஸை முகத்துக்கு முகம் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். கடுங்குளிரில் நேர் எதிர், முறுகி வெடிக்கும். எந்த வண்ணமானாலும் முகப்பில் எதுவும் படக்கூடாது. நான்கு மூலையிலும் அட்டை வைத்து, முகப்புக்கு மேல் இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும்.

இன்னொன்று, ஈரத்தில் பார்க்கும் அக்ரிலிக் நிறம் காய்ந்தபின் ஒரு படி கருத்துவிடும். பால் போன்ற பசை தெளிந்துவிடுவதுதான் காரணம். நெருங்கிய இரண்டு சாம்பல் நிறங்களுக்கு இடையே வாழும் படத்துக்கு அது பெரிய தொல்லை.

சட்டம்_ஆணி:
இருவரும் அடிப்படையை விட்டுவிட்டீர்கள். எண்ணெயில் மேலே போகப்போக எண்ணெய்ச் சத்து கூட வேண்டும். முதல் அடுக்கு டர்பன்டைன் கலந்து மெலிதாக, பிறகு ட்யூபிலிருந்து எடுத்தபடியே, கடைசியில் மீடியம் சேர்த்து. தலைகீழாகப் போனால், சீக்கிரம் காய்ந்த மேலடுக்கு அடியில் அசையும் ஈரத்தைத் தாங்காமல் பிளக்கும். நிறமிகளில் தந்தக் கறுப்பு மெதுவாகக் காயும், அம்பர் என்ற மண்பழுப்பு வேகமாகக் காயும். ஆகவே கறுப்பை அடியில் தடிமனாக வைக்காதீர்கள்.

அக்ரிலிக் அடி, எண்ணெய் மேல் என்பது நடக்கும். அடுக்கு மெலிதாகவும் பளபளப்பு இல்லாமலும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எண்ணெய் மேல் அக்ரிலிக் கூடாது, உரியும். ஆக, கரித்துண்டு ஆறு அடுக்கை அக்ரிலிக்கில் முடித்துவிட்டு, சுரண்ட வேண்டிய கடைசி இரண்டை மட்டும் எண்ணெயில் போடலாம்.

நீர்ப்பூச்சு:
அது எனக்கும் சம்மதம். ஆனால் ஆறு வாரத்துக்குள் எண்ணெய் வேலை முடிய வேண்டும். கடைசி இரண்டு வாரம் காய்வதற்கு.

கரித்துண்டு:
வார்னிஷ்?

ஆளிவிதை:
எண்ணெய்ப் படத்தில் வார்னிஷ் பூச ஆறு மாதம் காத்திருக்க வேண்டும், தடிமன் என்றால் ஒரு வருடம். கண்காட்சிக்கு வார்னிஷ் இல்லாமலே போங்கள்.

நீர்ப்பூச்சு:
அது டமார் என்ற மரப்பிசினில் செய்த பழைய வார்னிஷின் கணக்கு. இன்றைய செயற்கை ரெசின்களில் சில, தடித்த இடம் நகத்தால் அழுத்தி உறுதியாக இருந்தாலே பூசலாம் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள்.

ஆளிவிதை:
எட்டு வாரப் படத்தில் தடித்த இடம் அந்த நகச் சோதனையில் தேறுமா என்பதுதான் கேள்வி. தேறாது.

சட்டம்_ஆணி:
வார்னிஷுக்கு அடித்துக்கொள்வதைவிட ட்யூபின் பின்புறம் நிறமிக் குறியீட்டைப் படியுங்கள். பிஆர்83, அதாவது அலிசரின் கிரிம்சன், மெலிதாகப் பூசினால் வெளிச்சத்தில் வெளுக்கும். சிவப்புக்கு பிவி19 குவினாக்ரிடோன் போதும். அமெரிக்க அரூப ஓவியர் மார்க் ரோத்கோ ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குச் செய்த ஓவியத் தொடர் 1964-ல் கண்ணாடிச் சுவர் கொண்ட சாப்பாட்டு அறையில் மாட்டப்பட்டது. அதிலிருந்த லித்தால் சிவப்பு என்ற நிறமி வெயிலில் வெளிறிப்போய், 1979-ல் கழற்றிக் கிடங்கில் வைத்தார்கள். வண்ணத்தைச் சார்ந்தே நிற்கும் அரூபப் படத்தில் நிறம் போனால் மிச்சம் என்ன?

இப்போது சுவர். 9 மீட்டரில் 90 செ.மீ. அகலமாக ஆறு படம், நடுவிலும் ஓரத்திலும் அரை மீட்டர் இடைவெளி. கணக்கு சரியாக வரும்.

நீர்ப்பூச்சு:
எட்டு வைக்கலாமே? விற்பனை வாய்ப்பு கூடும்.

சட்டம்_ஆணி:
எட்டு வைத்தால் இடைவெளி 20 செ.மீ. சாம்பல் படத்துக்குப் பக்கத்தில் ஆரஞ்சு வந்தால் சாம்பல் நீலமாகத் தெரியும். ஆறே போதும். படத்தின் மையம் தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. வரட்டும். மாட்டுவதற்கான டி-வளையத்தைச் சட்டத்தின் பின்புறம் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு கீழே திருகி, சுவரில் இரண்டு கொக்கி அடியுங்கள். ஒற்றை ஆணியில் கம்பி மாட்டினால் கதவு அடிக்கும்போதெல்லாம் கோணும். 120 செ.மீ. பக்கத்துக்கு நடுவில் குறுக்குக் கட்டை கட்டாயம். இல்லையேல் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு காயும் இழுவையில் சட்டம் உள்வாங்கும். விளக்கு, படத்தின் மேல் சுமார் 30 டிகிரி சாய்வில். கத்தி வேலை அதிகமென்றால் இன்னும் சரித்தால் மேடுபள்ளம் தெரியும், ஆனால் நிழல் நிறத்தைத் தின்னும்.

கரித்துண்டு:
அப்படியானால் ஆறு படம், அக்ரிலிக் அடி, எண்ணெய் மேல். தலைப்பு அட்டையில் என்ன எழுதுவது?

ஆளிவிதை:
"கேன்வாஸில் அக்ரிலிக், எண்ணெய்" என்று இரண்டையும் எழுதுங்கள். வாங்குபவருக்கும் பிற்காலத்தில் சுத்தம் செய்பவருக்கும் தெரிய வேண்டும். கேன்வாஸின் பின்புறம் எந்தப் பக்கம் மேல் என்று அம்புக்குறியும் போடுங்கள். மாட்ட வரும் தன்னார்வலர் அரூபத்தைத் தலைகீழாக மாட்டிவிட்டு நிம்மதியாகப் போய்விடுவார்.