ஸ்ட்ரிக்சர்பிளாஸ்டி: ‘அகலத்தையல்’ என்று சொல்லலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சுருங்கிய குடலை வெட்டி எடுக்காமல் அகலமாக்கும் ‘ஸ்ட்ரிக்சர்பிளாஸ்டி’ அறுவைக்கு நம் அகராதியில் சேர்க்க ஒரு தமிழ்ச்சொல் தேடுகிறோம். அதற்கு மருத்துவர் ஐயா முன்வைத்த ‘குறுக்கச் சீரமைப்பு’, பேராசிரியர் அம்மா சொன்ன ‘இறுக்க ஒட்டறுவை’ இரண்டையும் நான்கு நாளாகச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். இரண்டும் என் மனத்துக்கு ஒட்டவில்லை. ஏன் என்று சொல்ல என் வீட்டுக் கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

என் தம்பிக்கு குரோன் நோய், குடலில் அழற்சியும் புண்ணும் திரும்பத் திரும்ப வரும் நாள்பட்ட நோய். முதலில் குடல் காசநோய் என்று நினைத்து ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். நம் நாட்டில் இது அடிக்கடி நடப்பதுதான், இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். பிறகு சிறுகுடலில் மூன்று இடம் சுருங்கிப்போய், சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வந்தபோது அறுவை சிகிச்சை என்றார்கள். ‘ஸ்ட்ரிக்சர்பிளாஸ்டி’ என்ற சொல் அம்மாவின் காதில் விழவே இல்லை. ‘ஆபரேஷன்’ மட்டும் விழுந்தது. “குடலை வெட்டி எடுத்துட்டா புள்ள எப்படிப்பா சாப்பிடும்?” என்று தண்டையார்பேட்டை வந்து சேரும்வரை ஆட்டோவில் அழுதுகொண்டே வந்தார்.

உண்மையில் அவனுக்கு ஒரு அங்குலம்கூட எடுக்கப்போவதில்லை. சுருங்கிய இடத்தில் குடலை நீளவாக்கில் கீறி, அந்தக் கீறலை இரு பக்கமும் இழுத்துக் குறுக்குவாக்கில் தைப்பார்கள். அந்த இடத்தில் நீளம் கொஞ்சம் குறையும், அகலம் கூடும், அவ்வளவுதான். அப்பா பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோடு பக்கம் தையல்கடை வைத்திருக்கிறார். ஒரு சட்டைக் கையை எடுத்துக் கத்தரியால் கீறி, திருப்பித் தைத்து, அம்மாவின் கையில் கொடுத்தார். “நாங்கன்னா துண்டு வச்சுத் தைப்போம். இவங்க இருக்கிற துணியிலயே அகலம் பண்றாங்க.” அம்மா அந்தக் கைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். அன்று இரவு சாப்பிட்டார்.

ஆகவே ‘ஒட்டறுவை’ சரியாக வராது. இங்கே எதையும் கொண்டுவந்து ஒட்டுவதில்லை. ‘ஸ்ட்ரிக்சர்’ என்பதற்கு ‘குறுக்கம்’ பாடநூலில் இருக்கும் நல்ல சொல்தான். ஆனால் குறுக்குவாக்கில் தைக்கும் ஒரு வேலைக்கு ‘குறுக்கச் சீரமைப்பு’ என்று பெயர் வைத்தால் எந்தக் குறுக்கு என்ற குழப்பம் வரும். ‘சீரமைப்பு’ மேல்தான் எனக்கு வருத்தம் அதிகம். எல்லாம் சரியாகிவிட்டது என்று அது சொல்லிவிடுகிறது. குரோன் நோயில் எந்த அறுவையும் நோயை வேரோடு எடுப்பதில்லை. குடலை வெட்டி இணைத்தால், இணைப்புக்குச் சற்று மேலேயே பெரும்பாலும் மறுபடி புண் வரும். உள்நோக்கியில் (எண்டோஸ்கோப்) பார்த்தால் பலருக்கு ஓராண்டுக்குள்ளேயே தெரிந்துவிடும், அறிகுறி பிறகுதான் வரும். புகை பிடிப்பவர்களுக்கு அந்த வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. ஒவ்வொரு முறையும் வெட்டிக்கொண்டே போனால், மிச்சமிருக்கும் சிறுகுடல் 200 செ.மீ.க்கும் கீழே இறங்கி, சத்தையும் நீரையும் போதுமான அளவு உறிஞ்ச முடியாத நிலை வரலாம். கடைக்கோடிச் சிறுகுடல் போனால் பி12 ஊசி வாழ்நாள் துணை. இந்த இழப்பைத் தவிர்க்கத்தான் இந்தத் தையல். பிறகு நோய் திரும்பினாலும், தைத்த இடத்தைவிட வேறு இடங்களில்தான் அதிகம் வருகிறது. தம்பிக்கும் அப்படித்தான், புதிய இடத்தில் லேசாக. மாத்திரை தொடர்கிறது.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். குடல் சுருக்கத்துக்கு இந்த முறையை 1977இல் சண்டிகரிலிருந்து கட்டாரியா என்ற மருத்துவரின் குழுவினர் எழுதினார்கள், அதுவும் காசநோயால் சுருங்கிய குடலுக்கு. ஆக்ஸ்ஃபோர்டில் லீ என்ற அறுவை மருத்துவர் அதைக் குரோன் நோய்க்குக் கொண்டுபோனது பிறகு, 1982இல். நம் நாட்டு நோயாளிகளிடம் வளர்ந்த ஒரு வேலைக்கு நம் மொழியில் பெயர் இல்லாமல் இருக்கலாமா?

நான் முதலில் எழுதி வைத்தது ‘விரிதையல்’. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை, கச்சிதமாக இருந்தது. அப்பாதான் தடுத்தார். “விரிதையல்னா தையல் விட்டுப்போச்சுன்னு கேக்குதே” என்றார். அறுவை முடிந்தவர் வீட்டில் அதைவிடப் பயப்படும் செய்தி வேறு இல்லை. அழித்துவிட்டேன்.

அதனால் ‘அகலத்தையல்’. விரித்துச் சொன்னால் ‘குடல் அகலத்தையல்’. பேச்சில் உடைத்தாலும் பொருள் நிற்கிறது: “மூணு இடத்துல அகலமாக்கித் தச்சிருக்கு.” வெட்டி எடுப்பதற்கு ‘குடல் நீக்கம்’ ஏற்கெனவே இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எதில் குடல் போகிறது, எதில் மிஞ்சுகிறது என்று கேட்டவுடன் தெரியும். அகலமாகத் தைத்த தையல் என்று யாராவது புரிந்துகொள்ளலாம் என்பது உண்மைதான். அதனால் முதல் முறை எழுதும்போது ‘குடல்’ சேர்த்தே எழுதலாம்.

எல்லாருக்கும் இந்த அறுவை பொருந்தாது என்பதையும் அகராதிக் குறிப்பில் சேர்க்க வேண்டும். குடல் ஓட்டையாகி இருந்தாலோ, சீழ் கட்டி இருந்தாலோ, புற்றுநோய் சந்தேகம் இருந்தாலோ நீக்கம்தான்.

மருத்துவர் ஐயா, உங்கள் வார்டில் ஒரு சீட்டில் ‘குடல் அகலத்தையல் – 3 இடம், நீக்கம் இல்லை’ என்று எழுதி, செவிலியர் அக்காக்களிடமும் துணைக்கு வந்தவர்களிடமும் காட்டி, என்ன புரிந்தது என்று கேட்டுச் சொல்வீர்களா? அவர்களுக்குப் புரியவில்லை என்றால் இந்தச் சொல்லை விட்டுவிடலாம்.