ஏற்காடு சரிவில் மரத்தளம்: கீழ்த்தட்டுத் தூண்கள் சாய்கின்றன

ஏற்காட்டில் வீட்டுக்குப் பின்னால், சரிவில் இரண்டு தட்டாக மரத்தளம் போட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. மேல்தட்டு அசையவில்லை. கீழ்த்தட்டின் வெளிப்பக்கத் தூண்கள் மூன்றும் ஐப்பசி மழையில் பள்ளத்துப் பக்கம் சாய்ந்துவிட்டன. படிக்கட்டு சேரும் இடத்தில் இரண்டு விரல் நுழைகிறது.

20 அடிக்கு 6 அடி இறக்கம், செம்மண். தூண்கள் 4 அங்குல இரும்புச் சதுரக் குழாய், குழி இரண்டடிதான். மேஸ்திரி "போதும் சார்" என்றார், நானும் தலையாட்டினேன். ஜாக்கி வைத்துத் தூக்கி அடியில் கான்கிரீட் ஊற்றினோம். கார்த்திகை மழையில் கான்கிரீட்டும் சேர்ந்தே நகர்ந்தது. அப்புறம் குறுக்குச் சட்டம் பற்றவைத்தோம். ஆட்டம் நின்றது, சாய்வு நிற்கவில்லை.

சேலத்திலிருந்து வந்து பார்த்த ஒருவர் தடுப்புச்சுவர் என்கிறார், இன்னொருவர் குழியை ஐந்தடி ஆழமாக்கு என்கிறார். மலைச்சரிவில் கட்டியவர்கள் சொல்லுங்கள்: எதை முதலில் செய்வது?